அக்கா வெளுத்த வருஷம்

என்னோடு சேர்ந்து பல் முளைத்து, என்னோடு சேர்ந்தே பல் விழுந்தவர்களே, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லும் கதை என் காதிலும் விழுகிறது. ஏரி நடுவே இருக்கிற மணல்திட்டில் ஒரு வெள்ளைக்காரிப் பேய் உலாவுகிறதாம். ஒல்லாந்தர் கப்பல் உடைந்தபோது செத்தவளாம். சோறு தின்ன அடம்பிடிக்கிற பிள்ளையைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளாம். போன வாரம் என் பேத்தி இதைக் கேட்டுவிட்டு ஓடிவந்து என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

அது பேய் இல்லை. வெள்ளைக்காரியும் இல்லை. அவள் என் அக்கா. உங்களுக்கும் தெரியும். உங்களில் இரண்டு மூன்று பேர் அவள் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். மறந்ததற்காக நான் உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கும் எவ்வளவோ மறந்துபோயிற்று. ஆனால் பேய் என்று சொல்லாதீர்கள்.

இன்றைக்கு ஆடு மேய்கிற அந்த மேடு அப்போது ஒல்லாந்தர் கோட்டையாக இருந்தது. அகழியில் தண்ணீர் நிறைந்திருக்கும். மதில் மேல் பீரங்கிகள் வாயைத் திறந்துகொண்டு ஏரியைப் பார்த்திருக்கும். காலையில் அந்தப் பக்கம் போனால் உள்ளே ரொட்டி சுடுகிற வாசனையும், சாயம் ஏற்றிய துணிக்கட்டுகளின் புளித்த வாசனையும் ஒன்றாக வரும். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. வீட்டில் ஐந்து பேர். நைனா, அம்மா, அக்கா, அண்ணன், நான்.

நைனா கடலுக்குப் போனவர்தான். ஒருநாள் கரையேறும்போது அலை புரட்டிக் கட்டுமரம் அவர் முழங்கால் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவில்லை. நீட்டின கால் நீட்டினபடியே வாசலில் உட்கார்ந்து அடுத்தவர் வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருப்பார். அண்ணனுக்கு அப்போது மீசை அரும்பவில்லை. ஆகவே பன்னிரண்டு வயதில் அக்கா கூடையைத் தலையில் ஏற்றினாள். விடிகிற நேரத்தில் கரையில் நின்று மீனை எடுப்பாள், கோட்டைச் சமையற்கட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். எட்டு வருஷம். மழையானாலும் காய்ச்சலானாலும் ஒரு நாள் தவறவில்லை. கொடுவாய் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். விரலால் ஒருமுறை அழுத்தினாலே அது எப்போது செத்தது என்று சொல்லிவிடுவாள். இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். "தம்பி தலையெடுக்கட்டும்" என்று நைனா சொல்லி அனுப்பினார். அக்கா மறுநாளும் கூடையைத் தூக்கினாள். அவள் கூடைக்குள் மீனோடு மீனாக நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா நல்ல கறுப்பு. எண்ணெய் பழக்கிய புதுச்சட்டி மாதிரி மினுங்குவாள். சிரித்தால் பல் மட்டும்தான் முதலில் தெரியும். கூடையை இறக்கிவைத்த பிறகு கையைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டு எனக்குத் தலை வாருவாள். கருங்காலியில் செய்த சீப்பு, ஊரில் மரக்காயர் வீட்டு அம்மாள் கொடுத்தது. எவ்வளவு கழுவினாலும் அக்காவின் விரலில் மீன் வாசனை இருக்கும். அந்த வாசனையோடுதான் எனக்குத் தூக்கம் வரும்.

அப்படித் தலை வாரிக்கொண்டிருந்தபோதுதான் நான் பார்த்தேன். ஆடிக்காற்று ஓய்ந்திருந்த சமயம்.

"அக்கா, கையில சுண்ணாம்பு."

மணிக்கட்டில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளை. நம் பக்கத்தில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறவர்கள் இருந்ததால் யார் மேலும் அப்படி ஒட்டியிருப்பதுண்டு. அக்கா முந்தானையால் துடைத்தாள். பிறகு எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.

"தானா போவும், வுடு" என்றாள்.

போகவில்லை. ஆவணியில் அது புளிய இலை அளவாகி, வெற்றிலை அளவாகி, மற்றக் கையிலும் அதே இடத்தில் அதே மாதிரி வந்தது. அப்புறம் உதட்டோரம். பால் குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் வந்தவள் போல் இருந்தாள். "வாயத் தொடடீ" என்று அம்மா காலையில் சொல்வாள். ஒருநாள் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

பொன்னேரியில் ஒரு வைத்தியர் இருந்தார். அம்மா அக்காவை அழைத்துக்கொண்டு போனாள், நானும் ஒட்டிக்கொண்டேன். வைத்தியர் வெள்ளை இடத்தில் ஊசியால் குத்தி, "வலிக்குதா?" என்று கேட்டார். அக்கா வலிக்கிறது என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

"வெண்குட்டம்மா இது. பயப்படாத. அழுகிப்போற குட்டம் வேற, இது வேற. தோல் வெளுக்கும், அவ்ளோதான். வெரல் வுழாது. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டாது."

நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் தெளிவாகச் சொன்னார். ஆனால் பொன்னேரியிலிருந்து நடந்து எங்கள் குப்பத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்த வார்த்தையின் முன்பாதி உதிர்ந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த நைனா, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"குட்டமாம்" என்றாள் அம்மா.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நைனா வலையை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

வைத்தியம் என்றால் கார்போகரிசி விதையை அரைத்துப் பூசிக்கொண்டு உச்சி வெயிலில் உட்கார வேண்டும். மீன் தின்னக் கூடாது என்றார், விற்கத் தடையில்லை. அக்கா மணலில் உட்கார்ந்திருப்பாள். பூசிய இடமெல்லாம் கொப்புளம் எழும்பி, உடைந்து, நீர் வடியும். ஈ மொய்க்கும். நான் பனை ஓலையால் ஓட்டுவேன்.

"எரியுதாக்கா?"

"எரிஞ்சாதான் நல்லதுனு சொன்னாரே."

புண் ஆறின இடத்தில் கடுகு கடுகாகக் கறுப்பு வந்தது. வீடே சந்தோஷப்பட்டது. அம்மா அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். பத்து நாளில் அந்தக் கறுப்பு மறைந்து, முன்பு வெளுக்காத இடங்களும் வெளுத்தன.

கோட்டைச் சமையற்காரர் நம் ஆள்தான், நல்ல மனுஷர். அன்றைக்கு நானும் நண்டு கட்டிய ஓலைப்பையைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு போயிருந்தேன். அக்கா கூடையை இறக்கினாள். அவர் மீனைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"இன்னாம்மே இது? நாளுக்கு நாள் ஏறிகினே போவுது?"

"தோல் நோவுண்ணே. ஒட்டாதுனு வைத்தியர் சொல்லிட்டாரு."

"எனக்குப் புரியுதும்மா. உள்ள உக்காந்து துன்றவங்களுக்கு யாரு சொல்றது? நாளைலேருந்து உங்கம்மாவ அனுப்பு." கொஞ்சம் நின்று, "இன்னைக்கு மீனையும் எடுத்துகினு போயிடு" என்றார்.

அக்கா அவரிடம் மன்றாடவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு அகழிப் பாலம் தாண்டி வந்தாள். மணலில் ஒரு இடத்தில் நின்று மீன் முழுவதையும் கொட்டினாள். நல்ல மடவை, கண் கலங்காத மீன். காக்கையும் பருந்தும் வந்து விழுந்தன. வெறுங்கூடையை முகம் மறையும்படி தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடுவரை நடந்தாள். நான் பின்னால் நண்டுப்பையோடு ஓடினேன்.

மறுநாளிலிருந்து அம்மா கூடை எடுத்தாள். நானும் கூடப் போனேன். அம்மாவுக்கு மீனை அழுத்திப் பார்க்கத் தெரியாது. கரையில் அவளை ஏமாற்றினார்கள், கோட்டையில் திட்டினார்கள். கஞ்சி தண்ணியாயிற்று.

அக்காவைப் பின்பக்கத்து வலைக்கொட்டகைக்கு மாற்ற வேண்டுமென்று யாரும் பேசி முடிவு செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. முதலில் அவள் பாய் கதவோரம் போயிற்று. பிறகு அவளுக்கென்று ஒரு கொட்டாங்கச்சி வந்தது. "புண்ணு ஆற வரைக்கும் காத்தோட்டமா இருக்கட்டுமே" என்று அம்மா சொன்ன ஒரு நாளில் பாய் கொட்டகைக்குப் போய்விட்டது. புண் ஆறின பிறகும் பாய் திரும்பவில்லை. கிழிந்த வலைக்கும் தார்மணத்துக்கும் நடுவே அக்கா உட்கார்ந்துகொண்டு, நைனா முடிக்காமல் விட்ட கண்ணிகளை முடித்துக்கொண்டிருந்தாள். அவள் முடித்த வலையையும் பிறகு ஊரில் வாங்க மறுத்தார்கள்.

ஒருநாள் காலை அவள் சீப்போடு என்னைக் கூப்பிட்டாள். நான் நிலைப்படியில் நின்றுகொண்டு, "அம்மா வாரட்டும்" என்றேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே சொன்னேன். அவள், "சரி" என்று சீப்பைத் தரையில் வைத்து என் பக்கம் தள்ளினாள். கையில் கொடுக்கவில்லை. அந்தச் சீப்பு பிறகு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவோ தேடியிருக்கிறேன்.

புரட்டாசிக்குள் முகம், கழுத்தின் முன்பக்கம், கை, கால் எல்லாம் வெளுத்துவிட்டன. வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று அக்கா ஏரியின் ஆளில்லாத பக்கம் போய், முழங்கால் தண்ணீரில் குனிந்து கையால் தடவி இறால் பிடிப்பாள். தான் பிடித்தது என்று சொல்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அம்மாவும் கேட்காமல் எடுத்துச் சமைப்பாள்.

ஒருநாள் கப்பல் வந்திருந்தது. கோட்டைத் தலைவரின் மனைவி பல்லக்கில் கடற்கரைக்குப் போனாள். கூட இரண்டு சிப்பாய், பேச்சை மொழிபெயர்க்க ஒரு துபாஷி. நாமெல்லாம் பல்லக்கின் பின்னால் ஓடினோம், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரிலிருந்து அக்கா கரையேறுகிறாள். தூரத்திலிருந்து அந்த அம்மாள் பார்த்துவிட்டாள். பல்லக்கை நிறுத்தச் சொல்லி இறங்கி, பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மணலில் வேகவேகமாக நடந்தாள். கையை ஆட்டி ஏதோ கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. தொலைந்துபோன தன் வீட்டுப் பெண்ணைக் கண்டுபிடித்தது போல அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டே வந்தாள். அக்காவும் நின்றாள். பத்தடி தூரத்தில் வந்த பிறகுதான் அக்காவின் காதோரமும் தோளிலும் திட்டுத்திட்டாக இருந்த கறுப்பு அவள் கண்ணில் பட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

துபாஷி மூச்சிரைக்க ஓடிவந்தார். "எந்தக் கப்பலில் வந்தாய் என்று துரைசாணி கேட்கிறார்கள். யாரம்மா நீ?"

"கப்பல் இன்னா கப்பல்? நான் இந்தக் குப்பத்துப் பொண்ணு. எட்டு வருஷம் கோட்டைக்கு மீன் போட்டவ. நான் போட்ட மீனை இந்தம்மாவும் சாப்ட்டிருப்பாங்க, சொல்லுங்க."

துபாஷி சொன்னார். அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள். திரும்பி நடந்தபோது பாவாடையைத் தூக்கிப் பிடிக்கக்கூட மறந்துவிட்டாள். ஈரமணலில் அது இழுபட்டுக்கொண்டே போனது.

நான் மட்டும் பின்தங்கினேன். அக்கா கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் பல்லக்கு போன திசையைப் பார்த்துக்கொண்டு, "என்னப் பாத்து ஒருத்தங்க அப்படிச் சிரிச்சு எத்தினி நாளாச்சு" என்றாள்.

அந்தச் சிரிப்புக்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது. கோட்டைக்காரியே தன் இனம் என்று நினைத்தாளாமே என்று கரையில் பேச்சு கிளம்பிற்று. நிறம் எங்கேயிருந்து வரும், விதையில் இருந்தால்தானே வரும் என்று ஒருத்தி சொன்னாள். அவள் யார் என்று சொல்ல மாட்டேன். அவள் மகள் இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இருபது வருஷம் கறுப்பாக இருந்தவளுக்கு இந்த வருஷம் விதை முளைக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நைனாவும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் கலயத்தைப் பார்த்தபடியே அம்மாவிடம் சொன்னார்.

"அவ பொறக்கறதுக்கு முன்ன நீ எப்பனா கோட்டைக்கு மீன் எடுத்துகினு போயிருக்கியா?"

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். "இன்னா கேக்கற நீ?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அம்மா எழுந்தாள். பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்த் தேய்த்தாள். தேய்த்த பானையையே மறுபடி தேய்த்தாள். அன்றிலிருந்து நைனாவுக்கு முன்னால் கலயத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள், உட்கார்ந்து பரிமாற மாட்டாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் கோபம் நைனாவைத் தொட்டதைவிட அக்காவைத்தான் அதிகம் தொட்டது. கொட்டகைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். கஞ்சியை நான்தான் கொண்டுபோய் வைப்பேன். "யம்மா எங்க?" என்று அக்கா கேட்பாள். "வேலையா கீது" என்பேன்.

இனி சொல்லப்போவது உங்களுக்கும் எனக்கும் பொது. ஐப்பசி முதல் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், அக்கா ஏரியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நாம் ஏழெட்டுப் பேர் கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தோம். யாரோ "வெள்ளைக்காரி, வெள்ளைக்காரி" என்று கத்தினார்கள். ஒரு சிப்பி பறந்தது. பிறகு எல்லோரும் எறிந்தோம். நான் எறியாவிட்டால் என் கையையும் திருப்பிப் பார்ப்பீர்கள் என்று எனக்குப் பயம். எறிந்தேன். மற்றதெல்லாம் மணலில் விழுந்தது. என்னுடையது அவள் புருவத்துக்கு மேல் பட்டது.

ரத்தம் வந்தது. அந்த வெள்ளை முகத்தில் அது எவ்வளவு சிவப்பாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். மற்ற யாரையும் பார்க்கவில்லை. ஏரித் தண்ணீரை அள்ளி நெற்றியைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் கஞ்சியோடு போனேன். காயத்தில் மஞ்சள் அப்பியிருந்தாள். "மீன் எதுனா சாப்ட்டியா நேத்து?" என்று என்னைக் கேட்டாள். அதைத்தான் கேட்டாள்.

அந்த வருஷம் அண்ணனின் பேரை ஏரிப் பாடு முறையில் சேர்க்க வேண்டும். ஏரியில் இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் வலை போடலாம் என்று ஊர் முறைவைத்துக் கொடுக்கிற பாடு உங்களுக்கே தெரியும். பாட்டில் பேர் இருந்தால்தான் இறால். இறால் இருந்தால்தான் பெண் கொடுப்பார்கள். நைனாவின் முறை அவர் கால் போனபோதே போய்விட்டது. அண்ணனுக்கும் கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வேறு வழி கிடையாது.

அம்மன் கோயில் முன்னால் காலையில் ஊர் கூடியது. ஊர்த் தலைவரான நாட்டார் வயசாளி, நைனாவோடு ஒரே கட்டுமரத்தில் போனவர். அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

"உம்புள்ள நல்ல புள்ளதான்" என்றார் நைனாவிடம். "ஆனா ஊர் பேசுது. அவ எறங்குற தண்ணியில வலை போட மாட்டேன்றாங்க. ஒரே வூட்ல அவளும் இருந்து, இவனும் பாட்டுல இருக்கறது சரிப்படாது."

"அவ என் பொண்ணு" என்றார் நைனா.

"இல்லனு யாரு சொன்னா?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். வேப்பமரத்துக்கு அப்பால் தனியாக நின்றிருந்த அக்கா பேசினாள். அவள் வந்ததையே நாங்கள் பார்க்கவில்லை.

"நான் ஏரித் திட்டுக்குப் போயிடறேன். தம்பி பேரைச் சேத்துடுங்க."

"அங்க நல்ல தண்ணி கூட இல்லியேம்மா" என்றார் நாட்டார்.

"ஊத்து தோண்டிக்கறேன். கொணமானா வரேன்."

அண்ணன் அழுதான். நான் பார்த்தேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டில் பேர் சேர்ந்தது.

மறுநாள் தூறலில் அண்ணன் அவளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனான். ஒரு பாய், ஒரு பானை, பழைய வலை ஒன்று, கூரை போட ஓலை. நைனா வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா கரை வரை வந்தாள். தோணி புறப்பட்ட பிறகுதான், "தலைய நனைக்காதடீ" என்று கத்தினாள். அக்காவுக்குக் கேட்டதோ என்னவோ.

அண்ணன் மூன்று நாளுக்கு ஒருமுறை சோறும் தண்ணீரும் கொண்டுபோனான். பிறகு ஐந்து நாள். நல்ல மீன்பாடு விழுந்தது அந்த வருஷம். வீட்டில் மறுபடி குழம்பு கொதித்தது. அம்மா கூடை எடுப்பதை நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நான் கொழுத்தேன். எங்கள் வீட்டில் யாரும் அவள் பேரைச் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டோம். அது அவ்வளவு கடினமாக இல்லை. அதைத்தான் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தை மாதம் ஒருநாள் அழுது அடம்பிடித்து அண்ணனோடு போனேன். தண்ணீர் தெளிந்திருந்தது. பூநாரைகள் தூரத்தில் கூட்டமாக நின்றன. திட்டின் ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். எனக்கு யாரென்று தெரியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். முகத்திலோ கையிலோ கறுப்பு ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. புருவமும் வெளுத்திருந்தது. வெயில் தாங்காமல் மூக்கும் தோளும் சிவந்து உரிந்திருந்தன. "இன்னாடீ, அப்படிப் பாக்கற?" என்று அவள் கேட்ட பிறகுதான் அது அக்கா.

நைனாவின் காலைப் பற்றிக் கேட்டாள். இறால் எப்படி என்று கேட்டாள். அம்மா சண்டையை விட்டாளா என்று கேட்டாள். ஊற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருக்கிறது, வயிறு அடிக்கடி கடுக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றாள்.

"வூட்டுக்கு வாக்கா. எல்லா எடமும் ஒரே மாதிரி ஆயிடுச்சே. இப்ப திட்டுத்திட்டா இல்ல."

"நான் வந்தா தம்பி பேரை எடுத்துடுவாங்க" என்றாள். பிறகு என் தலையைப் பார்த்து, "எவ்ளோ சிக்கு" என்று கையை நீட்டினாள். நீட்டின கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நான் அவளுக்கு முதுகு காட்டி மணலில் உட்கார்ந்தேன். அவள் விரலாலேயே சிக்கெடுத்தாள். வெகுநேரம் எடுத்தாள். அண்ணன் தோணிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, இல்லாத தண்ணீரைத் தோணியிலிருந்து இறைத்துக்கொண்டிருந்தான். அக்காவின் விரலில் அப்போது மீன் வாசனை இல்லை. வெறும் உப்பு.

மாசியில் அண்ணனுக்குக் கல்யாணம். பெண் வடக்கே தெலுங்குப் பக்கத்துக் குப்பம். பெண் வீட்டாரிடம் எங்களுக்கு ஒரே பெண் என்று நைனா சொல்லியிருந்தார், என்னைத்தான் காட்டினார். பந்தல், பறைமேளம், விருந்து, மறுவீடு என்று நாள்கள் போயின. உறவு ஆள்கள் வீடு நிறைய இருக்கும்போது சோற்றுப்பானையோடு தோணி எடுத்தால் எங்கே என்று கேட்பார்களே. நாளைக்குப் போகலாம் என்று அண்ணன் சொன்னான். மறுநாளும் சொன்னான். ஒன்பது நாள்.

பத்தாம் நாள் காலை போனவன் சீக்கிரமே திரும்பினான். தோணியை விட்டு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றான், கரையேறவில்லை. அம்மா பார்த்தாள். உள்ளே போய் ஒரு புதுச்சேலையை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்கென்று அவளுக்கு வந்த சேலை.

நைனாவைத் தூக்கித்தான் தோணியில் ஏற்ற வேண்டியிருந்தது. நாங்கள் நாலு பேரும் போனோம். புது அண்ணி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா ஓலைக்குடிசைக்குள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலுமாக இருந்திருக்க வேண்டும். பானையில் தண்ணீர் இல்லை. உயிர் போய் இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்காது என்று அண்ணன் சொன்னான். சொல்லிவிட்டு அதற்கும் அழுதான்.

ஊர்ச் சுடுகாட்டுக்கு ஒப்பமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் போய்க் கேட்கவில்லை. அண்ணன் குழி தோண்டினான். அம்மா உடம்பைக் கழுவ உட்கார்ந்தாள். நைனா நீட்டின காலோடு மணலில் தவழ்ந்து வந்து, "நான் பிடிச்சுக்கறேன்" என்று அக்காவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கூந்தலை ஒதுக்கிக் கழுத்தில் தண்ணீர் விட்டபோது அவர் கை நின்றது.

பிடரியில், முடி மறைத்த இடத்தில், ஒரு பனங்கொட்டை அளவுக்குக் கறுப்பு அப்படியே இருந்தது. மினுங்குகிற பழைய கறுப்பு. நைனா தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறம். விரல் எங்கே முடிகிறது, அவள் எங்கே தொடங்குகிறாள் என்று தெரியவில்லை. அந்த விரலை அவர் எடுக்கவே இல்லை.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் தெரிஞ்சுதாய்யா உனக்கு?" என்றாள்.

அம்மா அவர் கையை விலக்கிவிட்டுப் புதுச்சேலையைச் சுற்றினாள். மறுபடி நைனாவைத் தூக்கித் தோணியில் ஏற்றித் திரும்பினோம். உறவுக்காரர்கள் கேட்டால் குலதெய்வத்துக்குப் படைக்கப் போனோம் என்று சொல்ல வேண்டுமென்று மட்டும் நைனா சொன்னார்.

மறுநாள் பாட்டில் அண்ணனின் முறை. போகாவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். விடிந்ததும் வலையை எடுத்துக்கொண்டு போனான். அந்த மாசம் முழுக்க விழாத இறால் அன்றைக்கு விழுந்தது. அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து முதல் சமையல் என்று ஆசையாகக் குழம்பு வைத்தாள். எல்லோரும் உட்கார்ந்தோம். நைனா முதலில் கை வைத்தார். பிறகு அம்மா, அண்ணன், நான். நன்றாக இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.